தனியுரிம இயங்குதளங்களுக்காக நாம் எழுதும் வரிகள்

எட்டு ஆண்டுகளாக நான் பராமரித்துவரும் சிறிய கட்டற்ற நிரல் ஒன்று, அதாவது மூலநிரலை யாரும் படித்து, மாற்றி, பகிர்ந்துகொள்ளக்கூடிய நிரல் ஒன்று, இருக்கிறது. இரண்டு கோப்புறைகளை ஒப்பிட்டு, ஒன்றில் மாறியதை மற்றொன்றிலும் மாற்றிவைப்பது அதன் வேலை. தற்காலிகப் பெயரில் எழுதிமுடித்த கோப்புக்கு உரிய பெயரைச் சூட்டும் செயற்கூறு ஒன்று அதன் மூலநிரலில் உண்டு. லினக்ஸில் அது மூன்று வரி: பெயரை மாற்று, மாறாவிட்டால் பிழையைச் சொல், திரும்பு. அதே செயற்கூறின் விண்டோஸ் வடிவம் 47 வரி. முதல் முயற்சியில் பெயர் மாறாவிட்டால் அது உடனே மறுபடி முயல்கிறது. பிறகு 1 மில்லிநொடி, 10 மில்லிநொடி, 20, 40 என்று இடைவெளி விட்டு விட்டு முயல்கிறது. அப்போதும் முடியாவிட்டால்தான் தோல்வியை ஒப்புக்கொள்கிறது. இந்த எண்கள் என் கண்டுபிடிப்பல்ல. மூலநிரலில் நடக்கும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் விண்டோஸ் பகுதியில் இதே வரிசை இருக்கிறது. உரிமம் இடம்கொடுத்ததால் அங்கிருந்து எடுத்துக்கொண்டேன்.

இத்தனை விடாமுயற்சி எதற்கு என்று கேட்பவர்களுக்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் கோப்பு வேறு, கோப்பின் பெயர் வேறு. ஒரு நிரல் கோப்பைத் திறந்துவைத்திருக்கும்போதே இன்னொரு நிரல் அதன் பெயரை மாற்றலாம், பெயரை அடியோடு நீக்கவும் செய்யலாம். திறந்தவர் மூடும்வரை உள்ளடக்கம் வட்டில் பத்திரமாக இருக்கும். விண்டோஸின் வழக்கம் வேறு. கோப்பைத் திறப்பவர், தாம் வைத்திருக்கும்போது பிறர் அதை அழிக்கலாம் என்று திறக்கும்போதே சம்மதம் தெரிவித்திருந்தாலன்றி, அவர் மூடும்வரை மற்றவர்கள் அதன் பெயரைத் தொட முடியாது. என் நிரல் ஒரு கோப்பை எழுதி மூடிய மறுகணமே, பயனரின் கணினியில் இருக்கும் ஏதோ ஒரு வைரஸ் தடுப்பு மென்பொருள் அதைத் திறந்து முகர்ந்து பார்க்கும்; அந்தச் சில மில்லிநொடிகளுக்குள் நான் பெயரை மாற்றப் போனால் கதவு சாத்தியிருக்கும். சோதனைகள் முப்பது முறைக்கு ஒருமுறை தோற்றன. என்னிடம் விண்டோஸ் கணினி இல்லை. பங்களிப்பாளர் ஒருவர் தம் கணினியில் ஓட்டிப் பார்த்து அனுப்பும் பதிவுகளை வைத்துக்கொண்டு, மூன்று வாரம் என் நிரலிலேயே தவறைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மூலநிரலைப் படிக்க முடிந்த ஓர் இயங்குதளத்தில் இப்படி நேர்ந்திருந்தால் கோபம் வந்திருக்காது. படித்துப் பார்த்துக் காரணத்தைத் தெரிந்துகொண்டு, முடிந்தால் திருத்தத்தை அங்கேயே அனுப்பியிருப்பேன். பூட்டிய வீட்டுக்கு வெளியே நின்று, உள்ளே கேட்கும் சத்தத்தை வைத்து என்ன நடக்கிறதென்று ஊகிக்கும் வேலைக்கு என் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்ற எண்ணம் அப்போதுதான் முதன்முதலில் வந்தது. கட்டற்ற மென்பொருளில் நம்பிக்கை உள்ள ஒருவர், பயனருக்கு எந்த உரிமையும் தராத ஓர் இயங்குதளம் நன்றாக ஓடுவதற்கு ஏன் உழைக்க வேண்டும்? இந்தக் கேள்வி என்னோடு ஐந்தாறு ஆண்டுகளாக இருக்கிறது. அதற்கு நான் கொடுத்துவந்த விடையும் இரண்டுமுறை மாறியிருக்கிறது.

முதலில் நான் சொல்லிக்கொண்டது வரலாற்றுச் சமாதானம். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை 1983 செப்டம்பரில் அறிவித்தபோது அதற்கென்று ஓர் இயங்குதளம் இல்லை. அதை உருவாக்குவதுதான் திட்டமே. 1985-ல் வெளியான குனூ ஈமேக்ஸ் எடிட்டரும், மூலநிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும், 1987-ல் வெளியான ஜி.சி.சி. கம்பைலரும் யூனிக்ஸ்களின் மேல்தான் ஓடின. அவற்றில் பெரும்பாலானவை பல நிறுவனங்கள் விற்றுக்கொண்டிருந்த தனியுரிமச் சரக்கு. இயங்குதளத்தின் உட்கருவான லினக்ஸ் கெர்னல் பிறந்ததே 1991-ல். அதுவரை, தனியுரிம இயங்குதளத்தில் ஓடாத குனூ நிரல் என்று ஒன்று இருந்திருந்தால் அதைப் பயன்படுத்த ஆளே இருந்திருக்காது. இது தற்செயல் அல்ல என்பதற்கு உரிமத்திலேயே சான்று இருக்கிறது. குனூ திட்டத்தின் உரிமமான ஜி.பி.எல்.-இன் 1991-ல் வந்த இரண்டாம் பதிப்பு, கணினி நேரடியாக ஓட்டும் இருமநிரலைத் தருபவர் முழு மூலநிரலையும் தரவேண்டும் என்று கட்டளையிட்டுவிட்டு, இயங்குதளத்தின் கம்பைலர், கெர்னல் போன்ற முக்கியப் பகுதிகளோடு வழக்கமாக வருபவற்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. தனியுரிமத் தளத்தின் மேல் கட்டற்ற நிரல் ஓடும் என்பதை எதிர்பார்த்து வைத்த சந்து அது. ஆக, தனியுரிமத் தளங்களை ஆதரிப்பது இயக்கத்துக்குச் செய்யும் துரோகம் என்று யாராவது மூக்கைச் சுளித்தால், இயக்கம் தொடங்கியதே அங்கிருந்துதான் என்று பதில் சொல்ல எனக்குச் சுலபமாக இருந்தது.

ஆனால் அந்தப் பதிலில் ஓர் ஓட்டை உண்டு. அதைக் கவனிக்க எனக்கு நாளாயிற்று. அன்று தனியுரிம யூனிக்ஸில் ஓடிய ஒவ்வொரு குனூ கருவியும் அந்த யூனிக்ஸின் ஒரு துண்டை மாற்றீடு செய்துகொண்டிருந்தது. எடிட்டர், கம்பைலர், கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் அடியில் இருக்கும் கெர்னலையும் மாற்றிவிடலாம், மாற்றியும் விட்டார்கள். இன்று நடப்பது நேர்மாறு. முழுமையான கட்டற்ற இயங்குதளம் கையில் இருக்கும்போதே, அதில் பிறந்த நிரலைத் தனியுரிமத் தளத்துக்குக் கொண்டுபோகிறோம். அங்கே அது எதையும் அகற்றுவதில்லை. தளத்தின் உரிமையாளருக்குக் காசில்லாமல் கூடுதலாக ஒரு நல்ல நிரல் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது சமாதானம் இந்த ஓட்டையை அடைக்க வந்தது: பயனர் முதலில் நிரலுக்குப் பழகட்டும், பிறகு இயங்குதளத்தை மாற்றுவது எளிதாகும். 2004 நவம்பரில் பயர்பாக்ஸ் 1.0 வெளியானதற்குப் பின்னால் வந்த ஆண்டுகளில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. உலாவி பயர்பாக்ஸ், அலுவலகத் தொகுப்பு ஓப்பன் ஆபீஸ், படம் பார்க்க வி.எல்.சி. என்று ஒருவருடைய அன்றாட நிரல்கள் அனைத்தும் இரு பக்கமும் ஓடுபவையாக இருந்தால், அவர் தளத்தை மாற்றும் நாளில் சுவர்ப்படமும் பொத்தான்களின் இடமும்தான் புதிதாகத் தெரியும். லினக்ஸுக்கான மேசைத்தளத்தையும் நிரல்களையும் உருவாக்கும் கே.டி.ஈ. உலகில் இதே விவாதம் சூடாக நடந்தது. கே.டி.ஈ. நிரல்களுக்கு அடித்தளமான கியூட் நூலகத்தின் விண்டோஸ் வடிவம் 2005-ல், நான்காம் பதிப்போடுதான் ஜி.பி.எல்.-இல் கிடைத்தது, 2008 ஜனவரியில் கே.டி.ஈ. 4.0 வந்தபோது அதன் நிரல்களை விண்டோஸுக்குக் கொண்டுபோகும் கதவு முறைப்படி திறந்திருந்தது. நல்ல நிரல்கள் எல்லாம் அங்கேயே கிடைத்துவிட்டால் இங்கே வருவதற்கு என்ன காரணம் மிஞ்சும் என்று ஒரு தரப்பு கேட்டது. நிரலைப் பார்க்காதவர் இந்தப் பக்கம் எட்டியே பார்க்க மாட்டார் என்று மறு தரப்பு சொன்னது.

இரண்டுமே சரி என்பதுதான் என் அனுபவம். என் நிரலை விண்டோஸில் தொடங்கிப் பின்னால் லினக்ஸுக்கு வந்ததாக எழுதியவர்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். வராதவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது, அவர்கள் எழுதுவதில்லை. ஒன்று மட்டும் தெரியும்: வந்தவர்கள் யாரும் இயங்குதளத்தை மாற்றியதற்கு என் நிரலைக் காரணமாகச் சொல்லவில்லை. பழைய கணினி மெதுவாயிற்று, விளம்பரம் எரிச்சலூட்டியது, பிள்ளை நிறுவிக்கொடுத்தான் என்று வேறு காரணங்கள்தான். என் நிரல் அங்கே ஏற்கெனவே ஓடியதால், மாறும்போது அவர்களுக்கு ஒரு தடை குறைவாக இருந்தது. அதைப் பெரிய சாதனையென்று சொல்லமாட்டேன், ஒன்றுமில்லை என்றும் தள்ளமாட்டேன்.

இங்கே செலவுப் பக்கத்தைப் பேச வேண்டும், ஏனென்றால் இந்த விவாதங்களில் அதைத்தான் எல்லோரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். நிரலை வேறு தளத்தில் ஓடும்படி மாற்றுவதை ‘ஒரு போர்ட்தானே, ஒருமுறை செய்துவிட்டால் போதுமே’ என்பார்கள். ஒருமுறை செய்வது சுலபம். அதற்குப் பிறகு, நம் கட்டுப்பாட்டில் இல்லாத ஒருவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் நாம் ஈடுகொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் செலவு. சி மொழியின் 1999-ஆம் ஆண்டுத் தரத்தில் வந்த பல வசதிகளை மைக்ரோசாப்டின் சி கம்பைலர் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் ஏற்றது. அந்தப் பதினான்கு ஆண்டுகளும், அந்தக் கம்பைலரில் தொகுக்க வேண்டும் என்று விரும்பிய கட்டற்ற திட்டங்கள் 1989-ஆம் ஆண்டுச் சி மொழியிலேயே எழுத வேண்டியிருந்தது. விண்டோஸையே பார்த்திராத பங்களிப்பாளர் அனுப்பும் ஒட்டையும் (மூலநிரலுக்கான திருத்தத்தையும்) ‘மாறியைத் தொகுதியின் தொடக்கத்தில் அறிவிக்கவும்’ என்று திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. ஓரத்தில் இருக்க வேண்டிய தளம் மையத்தின் நடையைத் தீர்மானித்தது. ஆப்பிள் பக்கத்தில் இன்னொரு விதம். பாஷ் ஷெல் 2009-ல் நான்காம் பதிப்போடு ஜி.பி.எல். மூன்றாம் பதிப்புக்கு மாறியது. ஆப்பிள் அதற்கு முந்தைய 3.2-லேயே நின்றுவிட்டு, 2019-ல் வேறு உரிமத்தில் உள்ள இசட் ஷெல்லை இயல்பிருப்பாக்கியது. 2006-ல் வெளியான அந்த 3.2 இன்றும் அந்தக் கணினிகளில் கிடக்கிறது. எனவே, எங்கும் ஓடவேண்டிய நிறுவு நிரலைப் பாஷில் எழுதுபவர், நான்காம் பதிப்பில் வந்த, பெயர்ச்சாவி கொண்ட அணிகளைப் பயன்படுத்தத் தயங்குகிறார். பயனரின் உரிமையைக் காக்க எழுதிய உரிமத்தை ஒரு நிறுவனம் ஏற்கவில்லை. அதன் விளைவு, அந்த உரிமத்தை ஏற்றவர்கள் தங்கள் நிரலைப் பழைய மொழியில் எழுதுகிறார்கள்! நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

கோப்புப் பெயர்கள் இன்னும் வேடிக்கை. லினக்ஸ் கெர்னலின் மூலநிரலை விண்டோஸில் பிசகில்லாமல் பிரித்துவைப்பது கடினம். ‘ஆக்ஸ்’ (aux) என்ற பெயரில் அதில் கோப்புகள் உண்டு; விண்டோஸிலோ அது ‘கான்’, ‘நுல்’ ஆகியவற்றைப் போல, எந்தப் பின்னொட்டு சேர்த்தாலும் கருவிகளுக்கென்று ஒதுக்கிவைத்திருக்கும் பெயராகவே வெகுகாலம் இருந்துவந்தது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டால் மட்டுமே பிரியும் இணைக் கோப்புகளும், வலைப்போக்கை வடிகட்டும் நெட்ஃபில்டர் பகுதியில் இருக்கின்றன. எழுத்தளவைப் பொருட்படுத்தாத கோப்பு முறைமையில் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும். இது வெறும் அசௌகரியமாக நின்றால் பரவாயில்லை. கிட் தன் அமைப்புகளை வைத்திருக்கும் மறைவு அடைவின் பெயரை, ஓர் எழுத்தை மட்டும் பெரிதாக்கி கிட் பராமரிக்கும் மூலநிரல் களஞ்சியம் ஒன்றுக்குள் வைத்தால், கிட் அதை வேறு பெயர் என்று எண்ணி அனுமதிக்கும், விண்டோஸோ மேக்கோ அதே பெயர் என்று எண்ணி உண்மையான அமைப்புக் கோப்பின் மேல் எழுதிவிடும். அதன் வழியே பிறர் கணினியில் விரும்பிய கட்டளையை ஓட்டலாம் என்பது 2014 டிசம்பரில் தெரியவந்து, எல்லாப் பதிப்புகளுக்கும் அவசரத் திருத்தம் வெளியிட்டார்கள். லினக்ஸில் மட்டும் ஓடியிருந்தால் இருந்திருக்கவே முடியாத பாதுகாப்பு ஓட்டை அது.

என் நிரலில் நானே செய்த பிழை ஒன்றும் இந்த வகைதான். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. பயனர் ஒருவர் தம் லினக்ஸ் கணினிக்கும் பழைய மேக்குக்கும் இடையே குறிப்புகளை ஒத்திசைத்துக்கொண்டிருந்தார். கோப்புப் பெயர்கள் தமிழில் இருந்தன. அவற்றில் ‘கொ’, ‘தோ’ போன்ற எழுத்துகள் வந்த கோப்புகள் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிது என்று கருதப்பட்டு மறுபடி மறுபடி நகலாயின. ஒருநாள் பழையது என்று கருதி நிரல் சிலவற்றை நீக்கியும்விட்டது. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆப்பிளின் பழைய கோப்பு முறைமை, பெயரைச் சேமிக்கும்போது ஒற்றைக் குறியீட்டைப் பிரித்து இரண்டாக்கிவிடும். லினக்ஸ் கொடுத்ததைக் கொடுத்தபடியே வைத்திருக்கும். என் நிரல் இரண்டையும் பைட் பைட்டாக ஒப்பிட்டு, வேறு என்று முடிவுசெய்தது. கிட் 2012-லேயே இதற்கென்று ஓர் அமைப்பைச் சேர்த்திருந்ததைப் பின்னால்தான் பார்த்தேன். தமிழில் எழுதுகிறவன், தமிழ்ப் பெயரில் ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை. அந்தப் பயனரிடம் காப்புப் பிரதி இருந்தது. அவர் என்னைத் திட்டவும் இல்லை. ஒப்பிடும் முன் பெயர்களை ஒரே வடிவத்துக்கு மாற்றும் பகுதியை எழுதியபோது, லினக்ஸிலேயே இரண்டு விசைப்பலகை முறைகள் இரண்டு விதமாக எழுத்தை உள்ளிடுவதால் வந்துகொண்டிருந்த வேறொரு வழுவும் சேர்ந்து சரியாயிற்று. வேற்றுத் தளத்தில் ஓட்டுவது நம் நிரலின் மறைந்த அனுமானங்களை வெளியே கொண்டுவரும் என்று பெரியவர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது. ஆனால் அந்தப் பயனை அடைய யூனிக்ஸ் வழிவந்த இன்னொரு கட்டற்ற தளமான ஃபிரீ பி.எஸ்.டி.யில் ஓட்டினாலும் பாதி கிடைத்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வாசற்காவல் என்பது இன்னொரு செலவு. மேக் ஓ.எஸ். உரிமம், அதை ஆப்பிள் வன்பொருளில் மட்டுமே மெய்நிகர்க் கணினியாக ஓட்ட அனுமதிக்கிறது; ஆகவே சோதித்துப் பார்க்க வேண்டுமானால் அந்தக் கணினியை வாங்கியாக வேண்டும், அல்லது வாடகைக்கு எடுக்க வேண்டும். 2019-க்குப் பிறகு, இணையத்திலிருந்து இறக்கிய நிரல், திறக்க விடாமல் தடுக்கும் எச்சரிக்கை இல்லாமல் திறக்க வேண்டுமானால், ஆண்டுக்கு 99 டாலர் கட்டி உறுப்பினராகி, ஒவ்வொரு வெளியீட்டையும் அவர்களிடம் அனுப்பி முத்திரை பெற்றுவர வேண்டும். கட்டற்ற மென்பொருளின் முதல் சுதந்திரமே யாரிடமும் அனுமதி கேட்காமல் நிரலை ஓட்டுவது. அதை வெளியிட நான் ஒரு நிறுவனத்திடம் ஆண்டுச்சந்தா கட்டி அனுமதி வாங்குகிறேன் என்றால், எங்கோ கணக்கு இடிக்கிறது. ஐபோன் கடையில் இது உரிமச் சிக்கலாகவே வெடித்தது: கடையின் நிபந்தனைகள் ஜி.பி.எல்.-ஓடு பொருந்தவில்லை என்று வி.எல்.சி.யின் உருவாக்குநர் ஒருவரே எதிர்ப்புத் தெரிவித்ததால், 2011 ஜனவரியில் அது அங்கிருந்து நீக்கப்பட்டது. மையப் பகுதிகளின் உரிமத்தைப் பலருடைய சம்மதம் பெற்று மாற்றிய பிறகு 2013-ல்தான் திரும்பிவந்தது. தளத்துக்காக உரிமத்தையே மாற்றிக்கொள்வது எந்த அளவு சரி என்பதில் எனக்கு இன்றும் ஐயம்தான். அவர்கள் ஒவ்வொரு பங்களிப்பாளரையும் தேடிப்பிடித்துக் கேட்டார்கள் என்பதற்காக மதிக்கிறேன்.

செலவுக்கு எதிர்ப்பக்கத்தில் வரவும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. கிரிட்டா ஓவிய நிரல் தன் தளத்தில் இலவசமாகக் கிடைப்பதையே மைக்ரோசாப்ட் கடையிலும் ஸ்டீம் என்ற இணையக் கடையிலும் விலைக்கு வைத்திருக்கிறது. அந்த வருமானம் உருவாக்குநர்களின் ஊதியத்துக்கு உதவுகிறது. அந்த உழைப்பு லினக்ஸ் பயனருக்கும் போய்ச்சேர்கிறது. இது நேர்மையான ஏற்பாடு: தளத்தின் சுமையைத் தளத்தின் பயனர்களே தாங்குகிறார்கள். என்னுடையதைப் போன்ற சிறு நிரலுக்கு அந்த வழி இல்லை. கோப்புறை ஒத்திசைப்புக்குக் கடையில் காசு கொடுக்க யார் வருவார்?

ஈமேக்ஸ் திட்டம் இந்தச் சிக்கலுக்குக் கண்ட விடையைப் பலர் கேலி செய்தார்கள், நானும் செய்தேன். மேக்கில் பல வண்ண எமோஜி எழுத்துருக்கள் ஈமேக்ஸில் தெரிந்துகொண்டிருந்தன, லினக்ஸில் தெரியவில்லை. 2016-ல் வந்த 25.1 பதிப்பில் மேக்கிலும் அந்த வசதியை நிறுத்திவிட்டு, கட்டற்ற இயங்குதளங்களில் அது வரும்போது மறுபடி இயக்குவோம் என்று குறிப்பு எழுதினார்கள். 2020-ல், 27.1 பதிப்பில் இரண்டு பக்கமும் வந்தது. கட்டற்ற திட்டம் ஒன்று, தனியுரிமத் தளத்தில் கூடுதல் சிறப்போடு ஓடினால் அந்தத் தளத்துக்கே ஆள் சேர்க்கிறது என்பது அவர்கள் கொள்கை. கொள்கை புரிகிறது, ஆனாலும் அந்த நான்காண்டு முடிவு தவறு என்றே நினைக்கிறேன். பயனர் கையில் ஏற்கெனவே இருந்ததைப் பறிப்பது வேறு, இனி எதை முதலில் எழுதுவது என்று தீர்மானிப்பது வேறு. இரண்டாவதில் அந்தக் கொள்கையை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்: எந்தப் புதிய வசதியும் முதலில் கட்டற்ற தளத்தில் வரும், விண்டோஸுக்கு மட்டும் பொருந்தும் வசதியை, எத்தனை அழகாக எழுதி அனுப்பினாலும் சேர்ப்பதில்லை. கோப்புலாவியின் வலது சொடுக்குப் பட்டியலில் நம் நிரலைச் சேர்க்கும் ஒட்டு ஒன்று இரண்டு ஆண்டுகள் காத்திருந்தது; லினக்ஸின் இரண்டு கோப்புலாவிகளுக்கு அதே வசதியை நான் எழுதிமுடித்த வாரத்தில் அதையும் சேர்த்தேன்.

நிரலின் கட்டமைப்புக்கு நான் பின்பற்றுவது, தொலைவில் உள்ள கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எச். காட்டிய வழி. 1999-லிருந்து அங்கே ஒரு குழு ஓப்பன் பி.எஸ்.டி. இயங்குதளத்துக்காக மட்டும், வேறு எதையும் மனத்தில் வைக்காமல், சுத்தமாக எழுதுகிறது. இன்னொரு குழு அதன்மேல் மற்ற இயங்குதளங்களுக்கு வேண்டிய ஒட்டுவேலைகளைச் சேர்த்து, பதிப்பெண்ணின் முடிவில் ஓர் எழுத்துக் குறியோடு தனியாக வெளியிடுகிறது. இப்படிப் பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2014-ல் பார்த்தோம். இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். நூலகத்தில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபின், அந்த நூலகத்தைப் பிரித்து லிப்ரே எஸ்.எஸ்.எல்.-ஐத் தொடங்கியவர்கள், முதல் வாரத்திலேயே சுமார் 90,000 வரிகளை வெட்டியெறிந்தார்கள். ஓ.எஸ்./2, நெட்வேர், 16 பிட் விண்டோஸ், பழைய மேக் என்று காலமாகிப்போன தளங்களுக்கான வரிகளும் அந்தக் குப்பையில் இருந்தன. அத்தனை நிபந்தனை வரிகளுக்கு நடுவே, படிக்க வேண்டிய வரியைப் படிக்கக் கண் ஓடாது.

ஆகவே மூன்று ஆண்டுகளுக்கு முன் என் நிரலில் விண்டோஸ் தொடர்பான எல்லாவற்றையும் ஒரே அடைவுக்குள் ஒதுக்கினேன். மையப் பகுதியில் இப்போது விண்டோஸ் என்ற சொல்லே கிடையாது. அந்த அடைவுக்கு ஒரு நிபந்தனை வைத்தேன்: அதைப் பராமரிப்பவர் அந்தத் தளத்தை அன்றாடம் பயன்படுத்துபவராக இருக்க வேண்டும். நான் அங்கே ஒரு வரியும் எழுத மாட்டேன். சோதனை தோற்றாலும் லினக்ஸ் வெளியீட்டை நிறுத்த மாட்டேன். மேக்குக்கு அப்படி யாரும் முன்வரவில்லை, எனவே அதற்கு மூலநிரல் மட்டும், இருமநிரல் தருவதில்லை. இதற்காக வந்த கோபக் கடிதங்களில் ஒன்று, கட்டற்ற மென்பொருள் என்றால் எல்லோருக்கும் சமமாகத் தரவேண்டாமா என்று கேட்டது. மூலநிரல் எல்லோருக்கும் சமமாகத்தான் கிடக்கிறது என்று பதில் எழுதினேன். தளத்தை ஆதரிப்பதும் தளத்தில் இருக்கும் மனிதரை ஆதரிப்பதும் ஒன்றல்ல என்பதை அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போதுதான் எனக்கே தெளிவாகச் சொல்ல வந்தது. தொகுத்துத் தர ஆளில்லாத ஒருவர் நிரலைத் தாமே தொகுக்கக் கேட்டால் பக்கம் பக்கமாக உதவி எழுதுகிறேன். தளத்தின் உரிமையாளர் தம் கதவின் பூட்டை மாற்றும்போதெல்லாம் புதுச் சாவி செய்து கொடுக்க மட்டும் மறுக்கிறேன்.

விண்டோஸ் போர்ட்டை எடுத்துக்கொள்ள முன்வந்தவர், முன்பு பெயர்மாற்றச் சிக்கலில் பதிவுகளை அனுப்பிக்கொண்டிருந்த அதே பங்களிப்பாளர். அலுவலகத்தில் விண்டோஸ்தான், வீட்டிலும் அதுதான். அதை மாற்றும் எண்ணம் துளியும் இல்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். எனக்கும் அது வசதியாக இருந்தது. பழைய பதிப்புகளை எத்தனை நாள் தாங்குவது என்பதில்தான் இருவருக்கும் கருத்து வேறுபாடு. பைத்தான் நிரல்மொழித் திட்டத்தில் தெளிவான விதி இருக்கிறது: புதிய பதிப்பு வெளியாகும் நாளில் மைக்ரோசாப்டே நீட்டிப்பு ஆதரவைத் தொடரும் விண்டோஸ் பதிப்புகளை மட்டும் தாங்குவது. அதனால்தான் 2020-ல் வந்த பைத்தான் 3.9 விண்டோஸ் 7-இல் ஓடாது. பயர்பாக்ஸோ, மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலில் கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்.பி.யை 2018 வரை சுமந்தது. உரிமையாளரே கைகழுவிய வீட்டுக்கு வெள்ளையடிப்பானேன் என்பது என் கட்சி. அதில் குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள் என்பது அவர் கட்சி. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிந்தபோது இந்த வாதம் மறுபடி வந்தது. புதிய பதிப்பு கேட்கும் பாதுகாப்புச் சில்லு இல்லாத, ஆனால் நன்றாக ஓடும் கணினிகள் ஏராளம். அவற்றை வைத்திருப்பவர்கள் தாங்களாகவே வேறு வழி தேடும் ஒரே தருணம் அது. அப்போது நம் நிரல் பழைய தளத்திலேயே வசதியாக ஓடிக்கொண்டிருந்தால் தேடுவதற்கான காரணங்களில் ஒன்றைக் குறைக்கிறோம் என்றேன். அவர் நீண்ட மடல் எழுதினார். கடைசியில், இன்னும் ஓர் ஆண்டு தாங்குவது, நிறுவியின் கடைசித் திரையில் லினக்ஸுக்கு மாறுபவர் தம் அமைப்புகளை எப்படிக் கொண்டுபோகலாம் என்று நான்கு வரி எழுதுவது என்று உடன்பட்டோம். அந்த நான்கு வரியை எழுதியது அவர்தான். எழுதுவதற்கு முன் சரிபார்க்க வேண்டும் என்று தம் பழைய மடிக்கணினியில் டெபியன் லினக்ஸை நிறுவினார்.

சென்ற வாரம் அவரிடமிருந்து மடல் வந்தது. மடிக்கணினியில் போட்டது பிடித்துவிட்டதால் மேசைக்கணினியிலும் போட்டுவிட்டதாகவும், புதிய அலுவலகத்தில் லினக்ஸ்தான் கொடுத்திருப்பதாகவும், ஆகவே இப்போது தம் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு விண்டோஸ் கணினிகூட இல்லை என்றும் எழுதியிருந்தார். அன்றாடம் பயன்படுத்துபவரே பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை நினைவூட்டி, அதன்படி தாம் விலகுவதுதான் முறை என்றும் சேர்த்திருந்தார். வாழ்த்துச் சொல்வதா, வருத்தப்படுவதா என்று தெரியாமல் இரண்டு நாள் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். அந்த அடைவில் இப்போது தோற்கும் சோதனைகள் இரண்டு. இரண்டும் கோப்பின் முழுப் பாதை 260 எழுத்தைத் தாண்டும்போது வருபவை. திருத்த எப்படி முயலலாம் என்பதை அவர் விவரமாக எழுதிவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். அடுத்த வெளியீட்டுக்கு ஆறு வாரம் இருக்கிறது. விண்டோஸை அன்றாடம் பயன்படுத்துபவரும், சி மொழி தெரிந்தவரும், அதை விட்டு வெளியேறும் எண்ணம் இப்போதைக்கு இல்லாதவருமான யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள்.